தோலுக்குள் அடைபட்ட எலி

அந்தக் காலத்தில் எலி, பூனை, மனிதன் என்று எல்லாருக்கும் மற்றவர் பேச்சு புரிந்தது. நின்று கேட்கத்தான் யாருக்கும் தெம்பில்லை. மனிதனுக்கோ எலும்பும் மேலே தோலும் மட்டும்தான். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பான்.

கடற்கரைத் துறைமுகம் ஒன்றில் கொற்றன் என்பவன் யவனர் கப்பலுக்கு மிளகு மூட்டை சுமந்தான். பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்தான். கயிறு அறுத்துத் தோளெல்லாம் புண். காற்று திரும்புவதற்குள் மூட்டைகள் ஏறாவிட்டால் அவன் வீட்டில் உலை ஏறாது.

அப்போது ஒரு மூட்டையிலிருந்து எலி ஒன்று அவன் காலடியில் வந்து விழுந்தது. பின்னாலேயே கப்பல் பூனை.

"அண்ணே, எனக்கு நெறமாசம். இனிமே ஓட முடியல. ஒளிய எடம் குடு."

"எங்கிட்ட ஏது தாயி எடம்? இந்தப் புண்ணுதான் இருக்கு. வேணும்னா நொழஞ்சுக்க."

"பூனை போனதும் விட்டுருவியா?"

"விட்டுர்றேன்."

எலி புண் வழியே புகுந்து தோலுக்கடியில் சுருண்டது. கொற்றன் மூட்டையைத் தூக்கினான். பஞ்சு மாதிரி வந்தது. கையை மடக்கும்போதெல்லாம் எலி உள்ளிருந்து முட்டுக் கொடுத்தது. பொழுது சாய்வதற்குள் கப்பல் நிறைந்துவிட்டது. பூனையும் மேல்தளத்தில் தூங்கிவிட்டது.

கப்பலின் யவன மருத்துவன் மருந்தோடு வந்தான். கொற்றன் கையை நீட்டியதும் தோலுக்கடியில் ஏதோ ஓடியதைப் பார்த்து மிரண்டான்.

"உள்ளே என்ன ஓடுகிறது?"

"சின்ன எலிங்க ஐயா."

அவன் தன் இலத்தீன் மொழியில் 'மஸ்குலஸ்' என்று ஏட்டில் எழுதிக்கொண்டான். அதற்கும் சின்ன எலி என்றுதான் அர்த்தம். "மருந்து பூசினால் புண் மூடிக்கொள்ளும். பூசட்டுமா?"

"வேணாம்னு சொல்லு அண்ணே," என்றது எலி.

கொற்றன் நாளைய மூட்டைகளை நினைத்தான். அதற்கு மறுநாள் மூட்டைகளையும் நினைத்தான். அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை, ரொம்பக் களைத்திருந்தான்.

"பூசுங்க ஐயா."

எலி உள்ளேயே குட்டி போட்டது. அவை கை, கால், முதுகு என்று ஆளுக்கோர் இடம் பிடித்துக்கொண்டன. கொற்றனின் பிள்ளைகளும் அவற்றோடுதான் பிறந்தார்கள்.

அன்று முதல்தான் மனிதனால் பாரம் தூக்க முடிகிறது. நாம் தசை என்பதை மேல்நாட்டு மருத்துவர்கள் இன்றும் அந்தச் சின்ன எலியின் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். வேலை முடிந்த பொழுதில் தோளும் முதுகும் குடைவதும் அன்று முதல்தான். வெளியே விடச் சொல்லி எலிகள் உள்ளே பிராண்டுகின்றன. விட்டவர் யாருமில்லை, நமக்கும் காலையில் வேலை இருக்கிறது.