தூக்கிக்கொண்டு எங்கே போவீர்கள்?

"எந்தக் கம்ப்யூட்டர் வாங்கட்டும், அம்மிணி?" என்று கேட்டார் மருதாசலம். "தூக்கிட்டுப் போற மாதிரி. லேப்டாப். படத்தை வெட்டி ஒட்டி வேலை செய்யற அளவுக்குத் தெம்பா இருக்கோணும்."

ரெஜினா திரும்பவில்லை. அவள் திரையில் ஒரு மணப்பெண் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

கோவையின் மில் பேட்டைகளில் ரெஜினாவைத் தெரியாத பந்தல்காரர் இல்லை. கல்யாண ஆல்பம், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அவள் கை பட்டுத்தான் வெளியே வரும். படம் எடுத்த நேரத்தில் கண்ணைச் சிமிட்டியவர்களுக்குக் கண்ணைத் திறந்துவிடுகிறவள் என்று பேர். முப்பத்தாறு வயது. யார் எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பாள். அது பிடிக்காதவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். இரண்டு நாளில் திரும்பி வருவார்கள்.

"எதுக்குங்க தோழர்?"

"ஒரு ஆளைப் படத்துல சேர்க்கோணும்."

"யாரை?"

"என்னை."

இப்போது திரும்பினாள்.

மருதாசலம் ஜோல்னாப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேஜையில் போட்டார். வைத்தார் என்று சொல்ல முடியாது. லோகநாயகி மில் வேலைநிறுத்தத்தின் நாற்பதாம் ஆண்டு மலர். பளபளவென்ற தாள். நடுப்பக்கத்தில் மில் கேட்டுக்கு முன்னால் ஏழு பேர், கையை உயர்த்திக்கொண்டு.

"எட்டுப் பேர், அம்மிணி. இதோ, இந்த இடம். இங்கே நான் நின்னேன். தொண்ணூத்தேழு நாள் நின்னேன். இன்னிக்கு அந்த எடத்துல கேட்டுக் கம்பி நிக்குது."

ரெஜினா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். ஒரு கம்பிகூட வளையவில்லை. நிழல் சரியான பக்கம் விழுந்திருந்தது.

"வேலை சுத்தமுங்க."

"சுத்தம்! விரல் நுனிகூட மிச்சம் வைக்கலை, பாவிகள்."

"எதுக்கு எடுத்தாங்க?"

"இப்ப இருக்கற சங்கத் தலைவருங்களை நான் முதலாளியோட கங்காணின்னு நோட்டீஸ் போட்டேன். நாலு தடவை. அஞ்சாவது எழுதிட்டிருக்கேன்."

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை விழா. மண்டப வாசலில் நின்று, தான் இருக்கும் படத்தை வருகிறவர்கள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். அதுதான் மருதாசலத்தின் திட்டம். செத்துப்போன பிறகு இந்த மலரைத்தான் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். யாருடைய பேரப்பிள்ளைகள் என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. கல்யாணத்துக்கு நேரம் ஒதுக்காதவர் அவர்.

"குடுத்துட்டுப் போங்க. ஒரு மணி நேர வேலை. நானே செஞ்சு தர்றேன்."

"வேண்டாம். என் மொகத்தை இன்னொருத்தர் கையில குடுக்க மாட்டேன். நானே கத்துக்குவேன். அறுபத்தொம்பது வயசு ஒரு வயசா? மிஷின் எதுன்னு மட்டும் சொல்லு."

"வீட்டுல மேஜை இருக்குங்களா?"

"இருக்கு."

"வெளியூர் போவீங்களா?"

"இப்ப யாரு கூப்பிடறாங்க?"

"அப்போ மேஜையில வைக்கிற மிஷினே வாங்கிக்குங்க. அதே விலைக்கு ரெண்டு பங்கு வேலை செய்யும். திரையும் பெருசு."

"இல்லை. தூக்கிட்டுப் போற மாதிரிதான் வேணும்."

"தூக்கிட்டு எங்கே போவீங்க?"

 

"எங்கே வேணும்னாலும்."

"அப்படியொரு ஊரை பஸ் போர்டுல நான் பார்த்ததில்லீங்க. பதில் வந்ததும் வாங்க. மிஷின் பேரைச் சொல்றேன்."

அவள் மணப்பெண்ணிடம் திரும்பிவிட்டாள்.

"ஒரு கம்ப்யூட்டர் வாங்கறதுக்கு விசாரணை கமிஷனா?" என்றார் மருதாசலம், வாசலில் நின்று.



மறுநாள் அவர் கடைவீதிக்குப் போனார். பதில் தெரியாத கேள்வியை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை அவர். பிடித்துக்கொண்டு போன வேனிலேயே போலீஸ்காரருக்குத் தொழிலாளர் சட்டம் நடத்தியவர்.

கடைக்காரர் அடுக்கடுக்காகக் கேட்டார். ராம் எவ்வளவு? கிராபிக்ஸ் கார்டு தனியாக வேண்டுமா? கேம் ஆடுவீர்களா, சார்?

"நாப்பது வருஷமா என்னை வெச்சுத்தான் எல்லாரும் ஆடிட்டிருக்காங்க. படத்தைக் காட்டு."

வரிசையாக லேப்டாப்புகள் திறந்து கிடந்தன. ஒன்றில் கிளி. ஒன்றில் அருவி. ஒன்றில் மிளகாய்ப்பழம், தும்மல் வருகிற சிவப்பு.

"உன் கிளியை நான் என்ன பண்ண? இதைப் போடு."

பென்டிரைவை நீட்டினார். அதில் அவருடைய பழைய படம் இருந்தது. நாற்பது வருஷமாகப் பெட்டிக்குள் மடிந்து கிடந்து, மடிப்பில் வெடித்த படம். அதிலிருந்து தன்னை வெட்டி மலரின் படத்தில் ஒட்டுவதற்காக, முந்தின வாரம்தான் ஸ்கேன் செய்து வாங்கியிருந்தார்.

முதல் லேப்டாப்பில் படம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதில் இன்னும் நன்றாக இருந்தது.

மூன்றாவது பெரியது. அதைக் கடைக்காரர் துணியால் துடைத்துவிட்டுத் திறந்தார். "இது உள்ளதை உள்ளபடி காட்டும் சார். ஆல்பம் வேலை செய்யறவங்க கண்ணை மூடிட்டு இதைத்தான் வாங்கறாங்க."

மருதாசலம் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இன்னும் குனிந்தார்.

"மூடு," என்றார்.

"சார், இதைவிட நல்லது..."

"மூடுன்னேன்."

கடைசியில், மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றைக் கேட்டுத் திறக்கச் சொன்னார். படம் வெளுத்துத் தெரிந்தது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஆளே தெரியவில்லை. அதன் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் சீட்டை ரெஜினா முன்னால் வைத்தார்.

"மிஷின் பார்த்துட்டேன். சரிதானான்னு மட்டும் சொல்லு."

படித்தாள். சிரிக்கவில்லை.

"இது லெட்டர் அடிக்கிற மிஷினுங்க. இதுல படத்தைத் திருத்தினா, இருட்டுல கோலம் போட்ட மாதிரி இருக்கும்."

"அதுலதான் படம் சரியாத் தெரிஞ்சுது."

"மத்ததுல?"

"மத்தது பரவாயில்லை. அந்தப் பெரிய மிஷின்தான் இல்லாததையெல்லாம் காட்டுது."

"எதைங்க காட்டுச்சு?"

மருதாசலம் சுவரைப் பார்த்தார். சாம்பல் நிறச் சுவர். படங்களின் நிறத்தைக் கெடுக்கக் கூடாது என்று அவளே அடித்த சாயம்.

ரெஜினா கையை நீட்டினாள். நீட்டியபடியே இருந்தாள். அவர் பென்டிரைவைக் கொடுத்தார்.

ஜன்னலின் கறுப்புத் திரையை இழுத்து விட்டாள். வெயில் போயிற்று. படம் வந்தது.

எட்டுப் பேர். வலது ஓரத்துக்குப் பக்கத்தில் இருபத்தொன்பது வயது மருதாசலம். முறுக்கு மீசை. உயர்ந்த முஷ்டி. வாய் பாதிக் கோஷத்தில் திறந்திருந்தது.

"அழகா இருந்திருக்கீங்க."

"அதுக்கென்ன இப்ப?"

அவள் பெரிதாக்கினாள். முகம். கழுத்து. இடது தோள்.

"இது என்னங்க, தோள் மேல? வெள்ளையா?"

"துண்டு."

"துண்டு போடுவீங்களா?"

"எல்லாரும் போடுவாங்க."

இன்னும் பெரிதாக்கினாள். தோளுக்கு அப்பால் இருந்த சுவர் தெரிந்தது. அந்தச் சுவரில் மட்டும் செங்கல் கோடுகள் பிரஷ்ஷின் ஓட்டத்தில் சாய்ந்திருந்தன.

"நாப்பது வருஷமா இந்தப் படத்தை ஆயிரம் பேர் பார்த்திருக்காங்க, அம்மிணி. நோட்டீஸ்ல, போஸ்டர்ல. எல்லாரும் துண்டுன்னுதான் பார்த்தாங்க."

"சரிங்க."

இன்னும் ஒரு முறை பெரிதாக்கினாள். திரை முழுக்கத் தோள்.

"துண்டுக்கு நகம் இருக்குங்களா, தோழர்?"



நான்கு விரல்கள். தோளை அழுத்திப் பிடித்த விரல்கள். மேலே யாரோ இரண்டு வெள்ளைக் கோடு இழுத்திருந்தார்கள். கோட்டுக்குக் கீழே ஆள்காட்டி விரலின் நகம் நசுங்கியிருந்தது தெரிந்தது.

"நூல் நூக்கற ரிங் ஃபிரேம்ல மாட்டினது," என்றார் மருதாசலம். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. "அந்த நகம். சேர்ந்த முதல் வருஷமே."

"யாருங்க?"

"மாசிலாமணி."

அந்தப் பெயரை அவர் கடைசியாகச் சொன்னது மேடையில். பெயருக்கு முன்னால் வேறு ஒரு சொல் இருந்தது.

"தொண்ணூத்தேழாவது நாள் அவன் கையெழுத்துப் போட்டான். பாதிக் கூலி உயர்வுக்கு. எங்கிட்டக் கேட்கலை. நானூறு குடும்பத்துல அடுப்பு எரியலை, இனி தாங்காதுன்னான். துரோகின்னேன். அடுத்த வருஷம் நினைவு நோட்டீஸ் போட்டப்போ, அவனைத் தூக்கச் சொல்லி நானே படத்தை ஸ்டுடியோவுக்கு எடுத்துட்டுப் போனேன். ஸ்டுடியோக்காரர் பிரஷ்ஷால சுவரைத் தீட்டி மறைச்சார்."

"கையை விட்டுட்டார்."

"கையையும் எடுங்கன்னேன். 'தோளைத் தொட்டா உங்க முகம் கெட்டுப்போகும், துண்டு மாதிரி ஆக்கிடறேன்'னார்."

ரெஜினா விழா மலரைத் திறந்து திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஒரு பக்கம் வளையாத கம்பி. ஒரு பக்கம் நான்கு விரல்.

"இந்த மலர்ல வேலை செஞ்சாங்களே, அந்த மிஷின் அன்னிக்கு உங்ககிட்ட இருந்திருந்தா?"

 

மருதாசலம் இடது தோளில் ஏதோ இருப்பதுபோல் வலது கையால் தடவினார். ஜோல்னாப் பையின் வார் இருந்தது.

"அவர் மொகம் எங்காவது கிடைக்குங்களா?"

"நெகடிவ் போயிடுச்சு. ஸ்டுடியோக்காரர் ரெண்டே பிரிண்ட்தான் போட்டார். எனக்கொண்ணு, அவனுக்கொண்ணு. என்னுதை நான் தீட்டக் குடுத்துட்டேன்."

"அவரு?"

"இருக்கான். மகள் வீட்டுல. ரெண்டு பஸ் ஸ்டாப்தான் இங்கிருந்து. மூணு வருஷமா வாதம். ஒரு பக்கம் கை கால் வரலை. மாடியை விட்டு இறங்கறதே இல்லைன்னாங்க."

 ரெஜினா படத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். விரல்கள் மறுபடியும் துண்டு ஆயின. எழுந்து கறுப்புத் திரையை விலக்கினாள். வெயில் மேஜைமேல் விழுந்தது. மணப்பெண்ணைத் திறந்து வேலையைத் தொடர்ந்தாள்.

மருதாசலம் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மணப்பெண்ணின் ஒரு கண் திறந்தது. இன்னொரு கண்ணும் திறந்தது. அடுத்து மாப்பிள்ளையின் மாமன், அவனும் மூடிக்கொண்டுதான் நின்றான்.

"அப்போ மிஷின்?" என்றார்.

"முதல் நாள் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலீங்களே, தோழர்."

அவர் தன் சீட்டை எடுத்தார். இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார். சட்டைப் பைக்குள் போகிற அளவுக்கு மடித்த பிறகும் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்தப் பெரிய மிஷின் மாதிரியே திரை இருக்கோணும்," என்றார். "ஆனா, கனம் குறைச்சலா இருக்கோணும்."

"ஏனுங்க?"

"அந்த மாடிக்கு இருபத்தியொரு படி, அம்மிணி. குறுகலான படி. கீழே நின்னு எண்ணியிருக்கேன்."