ஏழாம் வகுப்பில் முகக்கவசம் இறங்கிய கதை

இந்தக் கதையில் வரும் பெரியவர்கள் யாரையும் எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருதலைப்பட்சம் என்று என்மேல் பாயாதீர்கள். பதில் சொல்லப்போவது நீங்கள்தான், அதனால் விவரங்களைக் கவனமாகக் கேளுங்கள்.

சிவகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளி. காய்ச்சல் பரவி, மூடியிருந்த பள்ளிகள் மறுபடி திறந்த வருடம். ஏழாம் வகுப்பில் ஆசிப் என்று ஒரு பையன். அவனுடைய சிறுநீரகங்கள் கெட்டுப்போய், தாய் ரஹ்மத் நிஷா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துப் பிழைக்கவைத்த பிள்ளை. சாதாரணச் சளி பிடித்தாலும் அவனுக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறிவியல் நடத்தும் ஜெசிந்தா டீச்சரிடம் ரஹ்மத் நிஷா வந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "என் வகுப்பில் யார் முகக்கவசமும் இறங்காது" என்று டீச்சர் வாக்குக் கொடுத்தார்.

அதே வகுப்பில் முதல் பெஞ்சில் சுடர்விழி. எட்டு வயதில் அவளுக்குக் காது போய்விட்டது. பேச்சு இருக்கிறது, கேட்பதில்லை. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். "உனக்குப் புரியாமல் அடுத்த பாடத்துக்குப் போகமாட்டேன்" என்று அவளுக்கும் ஜெசிந்தா டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார். இது காய்ச்சலுக்கு முன்னால், பள்ளி மூடுவதற்கு முன்பே கொடுத்த வாக்கு. அப்போது முகக்கவசம் என்ற பேச்சே கிடையாது.

டீச்சர் எழுதிப்போடக் கூடியதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டார். ஆனால் நாற்பது நிமிடப் பாடத்தை யாரால் எழுதித் தீர்க்க முடியும்? நான்கு நாள் பார்த்தார். சுடர்விழி நோட்டை மூடிவைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் டீச்சர் ஆசிப்பைக் கடைசி பெஞ்சில், ஜன்னலோரம் உட்காரவைத்தார். தான் பலகையை ஒட்டி நின்றுகொண்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிப் பாடம் நடத்தினார். பிள்ளைகள் யாரையும் இறக்க விடவில்லை. ரஹ்மத் நிஷாவிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை.

தலைமையாசிரியர் ஞானசிகாமணி இருக்கிறாரே, அவருக்கு விதி என்றால் வெல்லம். "என் மூக்கை இந்தப் பள்ளியில் எவனும் பார்த்ததில்லை" என்பது அவருடைய பெருமை. டீ குடிப்பதென்றால்கூடச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பாடம் பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்று ஒரு வகுப்பிலும் எட்டிப் பார்த்தவர் அல்ல.

ஆவணியில் ஆசிப்புக்குக் காய்ச்சல் வந்து, மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டீச்சர் முகக்கவசத்தைக் கழற்றுகிறார் என்று பெற்றோர் வாட்ஸப் குழுவில் யாரோ போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பறை நிறையப் பெற்றோர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ரஹ்மத் நிஷாவும் அவர்களோடு. டீச்சரை அனுப்பு என்று ஒரே கூச்சல். கூச்சல் போட்டவர்களில் பாதிப் பேரின் முகக்கவசம் கழுத்தில் தொங்கியது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஜெசிந்தா டீச்சர் தற்காலிகப் பணியில் இருந்தவர். புகார் உறுதியானால் அன்றோடு வேலை போய்விடும்.

தலைமையாசிரியர் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி விசாரித்தார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு "தெரியாது சார்" என்றார்கள். கடைசியில் சுடர்விழியை எழுப்பினார். அவள் பொய் சொல்லமாட்டாள் என்பது ஊருக்கே தெரியும்.

"டீச்சர் பாடம் நடத்தும்போது மாஸ்க்கைக் கழட்டுவாங்களா?"

அவள் அவருடைய நீல முகக்கவசத்தையே பார்த்தாள். "என்ன சார்?"

காது கேளாதவளிடம் கத்தினால் கேட்டுவிடுமா? கத்தினார். மறுபடியும் "என்ன சார்?" என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஞானசிகாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. கரும்பலகையும் சாக்பீஸும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. அவர் விருட்டென்று முகக்கவசத்தைத் தாடைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார்.

இப்போது அவளுக்குப் புரிந்தது. "ஆமா சார். இப்ப நீங்க கழட்டுனீங்கல்லா, அது மாதிரிதான். எனக்குப் புரியணும்னு."

ரஹ்மத் நிஷா எழுந்து டீச்சரைப் பார்த்துக் கேட்டார். "எங்கிட்ட ஏன் டீச்சர் சொல்லல?"

"சொன்னா சுடர்விழிய வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுவீங்களோன்னு பயந்துட்டேன்."

"சொல்லிருப்பேன்தான். எனக்கு எம்பிள்ளதான் முக்கியம்."

தலைமையாசிரியர் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு, திங்கள்முதல் வரவேண்டாம் என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

சொல்லுங்கள். முகக்கவசத்தை இறக்கிய டீச்சர், மகனுக்காகச் சண்டைக்கு வந்த தாய், விதிப்படி கையெழுத்துப் போட்ட தலைமையாசிரியர், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: டீச்சர் முகக்கவசத்தை இறக்கியது சரி, மறைத்தது தப்பு. பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தைத் தாயிடம் மறைக்க எவருக்கும் உரிமை கிடையாது, பயம் நியாயமாகவே இருந்தாலும். தாயின் கோபம் சரி. அந்தக் கோபத்தோடு அவர் சேர்ந்து நின்ற கூட்டம்தான் சரியில்லை. ஞானசிகாமணிக்கு எந்தப் பக்கமும் நியாயம் இல்லை. ஒரு பாடத்தைப் பலகையில் எழுதி முடிக்க முடியாது, ஒரு கேள்வியை எழுதலாம். அன்று அந்த அறையில் விதியைக் காக்க வந்து, அவசியம் இல்லாமல் முகக்கவசத்தை இறக்கிப் பேசியவர் அவர்தான். காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. ஆசிப் தேறி வந்துவிட்டான். இப்போது அறிவியல் நடத்துபவர் முகக்கவசத்தை ஒரு நிமிடம்கூட இறக்காதவர். சுடர்விழி தினமும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். புரிகிறதா என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை.