மலையேறிய முத்துமாலை

முன்னொரு காலத்திலே கூடலை நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கடைசியாக யார் அவர் காதில் பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம்.

ஒருநாள் வேட்டைக்குப் போனவர் வழிதவறி, குருந்தமலை மேலே நாச்சாள் என்பவளின் குடிசைக்கு வந்து சேர்ந்தார். அவளிடம் பதினொரு மலைமாடுகள் இருந்தன. கறுப்பு நிறம், இடுப்பளவு உயரம். மற்றவர்கள் எல்லாம் பெரிய மாட்டுக்கு மாறிவிட்டதால், அந்த இனம் அவள் கொட்டிலில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "அடடா! அரண்மனையில் இப்படியொரு மோரை நான் கண்டதே இல்லையே!" என்றார் ராஜா.

கூட வந்த கொட்டில் அதிகாரி தாண்டவராயருக்கு வயிறு எரிந்தது. அரண்மனை மாடுகளுக்கு அவர்தானே பொறுப்பு! ஊர் திரும்பும் வழியெல்லாம் ராஜாவின் காதில் ஓதினார்.

"அந்தக் குள்ள மாடுகள் கறப்பது பூனைக்குக்கூடப் போதாது, மகாராஜா. மலைப் புல்தான் வீண். அவற்றை விரட்டிவிட்டு நம் பெரிய மாடுகளை அங்கே விடலாம்."

"சரி, விரட்டிவிடு" என்றார் ராஜா.

சேதி கேட்ட நாச்சாள் மலையிறங்கி நேரே சபைக்கு வந்து நின்றாள்.

"மகாராசா, போட்டி வைக்காமலே என் மாட்டைத் தோற்கடிச்சிட்டீங்களே! ஏழு நாள், உங்க மாடு ஒண்ணும் என் மாடு ஒண்ணும் ஒரே இடத்துல, ஒரே தீனி தின்னட்டும். ஏழாம் நாள் எது அதிகமாக் கறக்குதோ, அந்த இனம் மலையில இருக்கட்டும்."

தாண்டவராயர் மீசையை முறுக்கினார். "எந்த இடமானாலும் சரி! என் பெரிய மாடு முத்துமாலையைப் பொட்டல் காட்டில் கட்டினாலும் குடம் நிறையக் கறப்பாள். ஆனால் என் கையைத் தவிர வேறு கை அவள்மேல் படக்கூடாது. அப்படிச் செல்லமாக வளர்த்திருக்கிறேன்."

உண்மையில் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நிற்பவர். வேலையெல்லாம் ஆட்கள் செய்வார்கள்.

"எந்த இடமானாலும்னு ஐயாவே சொல்லிட்டாரு. அப்போ என் மலையிலேயே நடக்கட்டும்" என்றாள் நாச்சாள். "வேற கை படக்கூடாதுன்னும் சொல்லிட்டாரு. அப்போ மேய்க்கிறது, கறக்கிறது, சாணி அள்ளுறது எல்லாத்தையும் ஐயாவே பார்த்துக்கட்டும்."

ராஜா கைதட்டிச் சிரித்தார். "பிரமாதம்! நாளைக்கே கிளம்பும், தாண்டவராயரே!"

முத்துமாலையை மலையேற்றுவதற்குள் தாண்டவராயருக்கு உயிர் போய் உயிர் வந்தது. முன்னால் நின்று இழுத்தார், பின்னால் போய்த் தள்ளினார். சரிவில் நாச்சாளின் மாடுகள் ஆடுபோல ஏறி மேய, முத்துமாலை நாலு காலும் நடுங்க ஒரே இடத்தில் நின்றது. மலைப் புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஈரத்தில் குளம்பு புண்ணானது. மாட்டை அட்டை கடித்தது, அதிகாரியையும் கடித்தது. மூன்றாம் நாள் மடி வற்றிவிட்டது.

அன்று மாலை தாண்டவராயர் பாறைமேல் உட்கார்ந்து அழுதேவிட்டார். நாச்சாள் ஒரு கலயத்தில் பால் ஊற்றிய கஞ்சியை அவரிடம் நீட்டினாள். முத்துமாலையின் குளம்புக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்து, "நீங்களே போடுங்க. என் கை படக்கூடாதே!" என்றாள்.

ஏழாம் நாள் காலை ராஜா பல்லக்கில் வந்து இறங்கினார். நாச்சாளின் செம்பில் பால் இருந்தது. தாண்டவராயர் பக்கத்திலும் ஒரு செம்பு நிறையப் பால்.

"பரவாயில்லையே! உம்முடையதுதான் அதிகம்போல!" என்றார் ராஜா.

நாச்சாள் தன் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். தாண்டவராயர் செம்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"மகாராஜா, இது நான் குடிக்க இந்த அம்மா கொடுத்த பால். இதுவும் அவள் மாடு கறந்ததுதான். முத்துமாலைக்கு மூன்றாம் நாளே பால் நின்றுபோயிற்று. நான் தோற்றுவிட்டேன்."

தன் உத்தரவை நினைத்து ராஜாவுக்கே வெட்கமாயிருந்தது.

"நாச்சாள், இந்த மலை முழுக்க இனி உன் மாடுகளுக்கே மேய்ச்சல் நிலம். யாரும் கை வைக்க முடியாது. பெருமை பேசிய இந்தத் தாண்டவராயர் ஒரு வருஷம் உன்னிடமே மாடு மேய்க்கட்டும்!"

நாச்சாள் பதறிப்போய்க் கும்பிட்டாள்.

"மகாராசா! ஜெயிச்சது நான்தானே? எனக்கு எதுக்கு இந்தத் தண்டனை?"

ராஜா சிரித்த சிரிப்பில் பல்லக்குத் தூக்கிகளும் சேர்ந்து சிரித்தார்கள். முதலில் முகம் சுளித்த தாண்டவராயரும் கடைசியில் சிரித்துவிட்டு, சாணிக் கூடையைத் தேடிப் போனார்.