ஏழாவது இலக்கம்

எண் பயிலும் அந்தக் குருகுலத்தின் வாசலில் ஒரு கல் உண்டு. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத பெரிய பகா எண்ணைக் கண்டுபிடித்தால் அதில் செதுக்குவார்கள். செதுக்கிய பிறகு அது வகுபட்டுவிட்டாலோ, கண்டுபிடித்தவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அன்று காலை ஆசாரி செதுக்கிக்கொண்டிருந்தது மருதப்பரின் எண்ணை. 1018081. நான்கு இலக்கம் முடிந்திருந்தது. பதினொரு வருடம் காத்திருந்த மருதப்பருக்குத் தலைகால் புரியவில்லை.

குரு உலகம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். வெளியூரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார், காலைக்கூடக் கழுவவில்லை.

“செந்தட்டியைச் சத்திரத்தில் பார்த்தேன். அங்கே ஏன் கிடக்கிறான்?”

“அனுப்பிவிட்டோம், அம்மை. அவன் எண் பதின்மூன்றால் வகுபட்டது. நான்தான் கண்டுபிடித்தேன்.”

“செதுக்கி முடித்த பிறகா?”

“ஒரு இலக்கம் மீதி இருந்தது. உளி பட்டால் பட்டதுதான் என்று சொன்னேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.”

உலகம்மை கல்லைப் பார்த்தார். உளி ஐந்தாவது இலக்கத்தில் இருந்தது.

“உம்முடையதை எதுவரை வகுத்துப் பார்த்தீர்?”

“ஆயிரம் வரை. அதற்குள் நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்கள். அத்தனை கதவையும் தட்டிவிட்டேன். ஒன்றும் திறக்கவில்லை.”

“ஏன் ஆயிரத்தோடு நின்றீர்?”

“ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். எண் உடைந்தால் ஒரு துண்டாவது ஆயிரத்துக்குள் வந்தாக வேண்டுமே.”

“உம்முடைய எண் பத்து லட்சமா?”

பத்து லட்சத்துக்கு மேலே இன்னும் பதினெட்டாயிரத்து எண்பத்தொன்று இருந்தது. மருதப்பர் அப்படியே மணலில் உட்கார்ந்தார். ஆயிரத்துக்கு அடுத்த பகா எண் ஆயிரத்து ஒன்பது. அந்த எண்ணால் வகுக்கத் தொடங்கினார். பின்னால் உளி ஆறாவது இலக்கத்துக்குப் போய்விட்டது. அவர் மணலில் வகுத்துக்கொண்டே இருந்தார்.

மீதி வரவில்லை. ஈவும் அதே ஆயிரத்து ஒன்பது.

“ஆசாரி, நிறுத்தும்!” என்று கத்தினார் மருதப்பர்.

ஆசாரி உளியை எடுத்தார். கடைசி 1 மட்டும்தான் பாக்கி. ஒரே ஒரு கோடு.

“அம்மை, இன்னும் முடியவில்லையே. ஒரு இலக்கம் இருக்கிறதே.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது மருதப்பருக்கு உறைத்தது.

“செந்தட்டியும் இதையேதான் சொன்னானா?”

“ஆமாம்.”

“அப்படியானால் விதியைத் தளர்த்தும் உரிமை அவனுக்குத்தான். அவன் வந்து சரி என்று சொன்னால் இரண்டு பேருமே இருக்கலாம்.”

“அவன் என் முகத்தில் விழிப்பானா, அம்மை? எனக்குக் கதவைத் திறக்கவே மாட்டான்.”

உலகம்மை கால் கழுவச் செம்பை எடுத்தார்.

“நூற்று அறுபத்தெட்டுக் கதவைத் தட்டியவர் நீர். விட்டுப்போன ஒன்றையும் தட்டிப் பாரும்.”