கித்தானைத் தொட்டவர்

தில்லையம்பலம் ஐந்து மாதமாக வதனி ரீச்சரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவருடைய கோபம் போய்விட்டதா, உள்ளே எங்காவது கிடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

 ரீச்சர் அதற்கு ஒரு சனிக்கிழமை கதிரைகளை அடுக்கச் சொன்னார். இன்னொரு சனிக்கிழமை தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவச் சொன்னார். ஜூலை கடைசியில் மட்டும், "ஓகஸ்டில ஏரிக்கு வாங்கோ ஐயா" என்றார்.

சீடருக்கு வயது அறுபத்துநான்கு. குருவுக்கு நாற்பத்தொன்று. வதனி ரீச்சர் கல்கரியில் வார நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். சனிக்கிழமைகளில் ஒரு சமூக மண்டபத்தின் பின்னறையில் சும்மா இருக்கப் பழக்கினார். எட்டுப் பேர் வந்து ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டுப் போவார்கள். தில்லையம்பலம் சேர்ந்த முதல் நாளில், கண்ணை மூடி இருக்கவேண்டிய நேரத்தில், கூரையில் மூன்று ஈரக்கறைகளைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இருபத்தெட்டு வருடம் அவர் செய்தது அந்த வேலைதான். வீடு வாங்குபவர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் ரோச் லைட்டும் ஈரம் அளக்கிற மெசினுமாகப் போய், சுவர்களைத் தட்டி, மூலைகளைத் தடவி, என்னென்ன பழுது என்று எழுதிக் கொடுப்பார். அவருடைய விரல் பட்டால் சுவருக்குள் ஓடுகிற தண்ணீர் தெரிந்துவிடும் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு அவருக்கும் பிடிக்கும்.

மகள் தர்சிகா எட்மன்ரனில் வீடு வாங்கியபோது அவரைக் கூப்பிடவில்லை. பால் காய்ச்சிக் குடிபுகுகிற குடிபூரலுக்குத்தான் கூப்பிட்டாள். ஐம்பது பேர் வந்திருந்தார்கள். பால் பொங்கிய நேரத்தில் தில்லையம்பலம் கூரைக்கு அடியிலுள்ள பரணில் இருந்தார். தலையில் சிலந்தி வலையுடன் இறங்கி வந்து, வரவேற்பறையின் நடுவில் நின்று, முப்பத்தாறு குறைகளை இலக்கம் போட்டு வாசித்தார். கடைசியில், "மற்றும்படி நல்ல வீடு" என்றும் சொன்னார்.

தர்சிகா அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, "சாப்பிடுங்கோ அப்பா" என்றாள். அதன் பிறகு ஒன்றரை வருடத்துக்கு மேல் அவள் போன் எடுக்கவில்லை. மனைவி காலமாகி ஆறு வருடமாகியிருந்தது. அவருக்கு வேறு பிள்ளைகள் இல்லை.

மார்ச் மாதம், அவருடைய பிறந்த நாளன்று, மகளிடமிருந்து போன் வந்தது. நாலு நிமிடம் கதைத்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் அவர் கேட்டார், கோபம் போய்விட்டதா என்று.  நாலாவது நிமிடத்தில் அவள், தான் போகவேண்டும் என்றாள்.

ஏரிக்கு வருகிறாயா என்று ஓகஸ்டில் மகளிடம் எழுதிக் கேட்டார். வெள்ளி வந்து ஞாயிறு போகிறேன் என்று பதில் வந்தது. அவர் அதை ரீச்சருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

*

அந்த ஏரி மேற்கு மலைகளில், ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருந்தது. சுற்றிவர மலை, உச்சிகளில் ஓகஸ்டிலும் பனி. பனியாறு அரைத்துக் கொண்டுவந்த கல்மாவினால் தண்ணீர் பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறத்தில் கிடந்தது. கரையோரம் பைன் மரங்களுக்கு நடுவே கூடாரம் அடிக்க இலக்கமிட்ட இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம், கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டைப் பூட்டி வைக்க ஒரு இரும்புப் பெட்டி.

வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் ஒரு பைக்குள் அடங்குகிற நைலோன் கூடாரங்களுடன் வந்தார்கள். ரீச்சருடையது பழைய கித்தான் கூடாரம். தடித்த பருத்தித் துணி, தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். அதை அடித்து முடித்துவிட்டு அவர் ஒரே ஒரு விதி சொன்னார்.

"மழை பெய்யேக்க உள்ளுக்கிருந்து துணியில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது."

ஏன் என்று தில்லையம்பலம் கேட்டார். ரீச்சர் கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தார். சும்மா சொல்கிறேன், வைக்காதீர்கள் என்றார்.

தர்சிகா வெள்ளி பன்னிரண்டு மணிக்கு வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். அப்பாவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு தன் புதுக் கூடாரத்தை விரித்து, கம்பிகளைக் கோக்கத் தொடங்கினாள். முதல் ஆணி சரிந்து இறங்கியதைத் தில்லையம்பலம் பார்த்தார். இரண்டாவது கயிறு தளர்ந்திருந்தது. அவருடைய கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் நடந்தன.

வழியில் ரீச்சர் நின்றார். அவர் கைகளில் பச்சை வரியோடிய ஒரு பெரிய வத்தகப்பழம்.

"இதை ஒருக்காப் பிடியுங்கோ ஐயா."

தில்லையம்பலம் வாங்கினார். எட்டுக் கிலோ இருக்கும்.

"எங்க வைக்க?"

"மேசையில வைச்சா உருளும். அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. கத்தி எடுத்துக்கொண்டு வாறன்."

கத்தி எடுக்க இருபது நிமிடம் பிடித்தது. அதற்குள் தர்சிகாவின் கூடாரம் எழும்பிவிட்டது. ஒரு பக்கம் கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது, அப்பா பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிற்றோடு பழத்தை அணைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருடத்தில் அவர் அந்தச் சிரிப்பைக் கேட்டது அன்றைக்குத்தான்.

பழம் வெட்டினார்கள். எல்லோரும் விதைகளைக் காகிதத்தில் துப்பி, ஒன்றும் நிலத்தில் விழாமல் கட்டி வைத்தார்கள். அது பூங்காவின் சட்டம். தர்சிகா மூன்று துண்டு சாப்பிட்டாள். அவர் எண்ணவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டார்.

*

அத்தோடு விட்டிருக்கலாம். அவருக்கு விட முடியவில்லை.

அன்று பின்னேரம், தண்ணீர் அள்ளப் போன இடத்தில் கேட்டார். "பிள்ளை, என்னில கோபம் இல்லைத்தானே?" இல்லை என்றாள். இரவுச் சாப்பாட்டில் இடியப்பத்தைப் பரிமாறும்போது கேட்டார். இல்லை அப்பா என்றாள். சனி காலை, ஏரிக்கரையில் இருவரும் நடந்தபோது, வேறு சொற்களில் கேட்டார். சரியாகத்தான் இருக்கிறாளா, மனதுக்குள் ஏதும் வைத்திருக்கிறாளா, இருந்தால் சொல்லிவிடலாம்.

 இந்த முறை அவள் குனிந்து ஒரு தட்டைக் கல்லை எடுத்துத் தண்ணீரின் மேல் எறிந்தாள். அது ஒரு தரம்கூடத் துள்ளாமல் அமிழ்ந்தது.

மத்தியானம் ரீச்சரிடம் தர்சிகா சொன்னாள், ஞாயிறுவரை நிற்பது சரிவராது போலிருக்கிறது, பின்னேரமே வெளிக்கிடுகிறேன் என்று. தில்லையம்பலத்துக்கு அது கேட்டது. அவள் தன் பையைக் கொண்டுபோய்க் காருக்குள் வைப்பதையும் பார்த்தார்.

"ரீச்சர், அவள் போகப்போறாள்" என்றார்.

ரீச்சர் வானத்தைப் பார்த்தார். மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மழை விடாம ஒருத்தரும் போக ஏலாது. சீட்டுக்கட்டு வைச்சிருக்கிறியளோ?"

*

வகுப்பில் மற்ற ஏழு பேரும் அருவி பார்க்கப் போயிருந்தார்கள். மூன்று மணிக்கு மழை இறங்கியது. முதலில் ஆலங்கட்டி, பிறகு தண்ணீர். ஏரி இருந்த இடம் தெரியவில்லை. தர்சிகாவின் கூடாரத்தில் ஒரு ஆள் படுக்கலாம், மூன்று பேர் இருக்க முடியாது. மூவரும் ஓடிப்போய் ரீச்சரின் கித்தான் கூடாரத்துக்குள் புகுந்தார்கள்.

உள்ளே பழைய துணியும் பைன் ஊசியும் கலந்த வாசம். ரீச்சர் சூடு ஆறாத போத்தலில் இருந்து, பால் விடாத பிளேன்ரீயை ஊற்றினார். கழுதை விளையாடினார்கள். கையில் இருக்கிற சீட்டுகளை இறக்கி முடிக்கிறவர் தப்புவார், கடைசிவரை சீட்டோடு மிஞ்சுகிறவர் கழுதை. முதல் ஆட்டத்தில் ரீச்சர் கழுதையானார். கனைத்துக் காட்டவேண்டும் என்று தர்சிகா சொல்ல, அவர் கனைத்தார். பஸ்ஸில் பிள்ளைகள் கனைக்கச் சொல்லிக் கேட்டு நன்றாகப் பழக்கம் என்றார்.

இரண்டாவது ஆட்டம் தொடங்கியது. மழை முக்கால் மணி நேரமாக அடித்துக்கொண்டிருந்தது. தில்லையம்பலம் நிமிர்ந்து பார்த்தார். துணி முழுக்க நனைந்து கறுத்திருந்தது. ஒரு சொட்டுக்கூட உள்ளே விழவில்லை.

அவருக்கு நம்ப முடியவில்லை. இது தகரமில்லை, ஓடில்லை, துணி. வெளியே இவ்வளவு தண்ணீர். உள்ளே எப்படி வராமல் இருக்கும்? எங்கோ வந்துகொண்டுதான் இருக்கவேண்டும். தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அவர் சீட்டை இடக்கைக்கு மாற்றினார். வலக்கை மேலே போனது. இருபத்தெட்டு வருடம் பழகிய விரல், தர்சிகாவின் தலைக்கு நேர் மேலே துணியைத் தொட்டது. மெல்லத்தான் தொட்டது.

விரலை எடுத்தார். அந்த இடத்தில் ஒரு துளி திரண்டது. தர்சிகாவின் உச்சியில் விழுந்தது. அடுத்தது அவள் கையிலிருந்த ராணியில் விழுந்தது.

"பாத்தியளோ, இதில ஓட்டை இருக்கு" என்றார் தில்லையம்பலம்.

"ஓட்டை இல்லை ஐயா" என்றார் ரீச்சர்.

"பின்ன என்னெண்டு ஒழுகுது?"

"இவ்வளவு நேரமும் ஒழுகேல்லை. நீங்கள் தொட்டுப் பாத்தனீங்கள்."

துளிகள் விழுந்துகொண்டிருந்தன. அவர் உள்ளங்கையால் அடைக்கப் போனார். ரீச்சர் அந்தக் கையைப் பாதியில் பிடித்தார். அவருடைய சுட்டுவிரலை மட்டும் நீட்டவைத்து, ஒழுகிய இடத்தில் வைத்து, துணியில் இருந்து எடுக்காமல், சரிவு வழியே கீழே நிலம் வரைக்கும் ஒரே கோடாக இழுத்தார். பிறகு கையை விட்டார்.

சொட்டு நின்றது. தண்ணீர் அந்தக் கோட்டின் வழியே இறங்கிப் போய்ப் புல்லில் சேர்ந்தது. தர்சிகா அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் துடைக்கக்கூட மறந்திருந்தாள்.

தில்லையம்பலமும் அதைத்தான் பார்த்தார். கோடு நிலத்தைத் தொட்ட இடத்தில் அவர் பார்வை நின்றது. முகத்தைத் தூக்காமலே சொன்னார்.

"அண்டைக்குக் குடிபூரலுக்கு நான் ரோச்சோட வந்திருக்கக்கூடாது, பிள்ளை. பால் பொங்கினதைப் பாத்திருக்கோணும்."

 தர்சிகா நனைந்த ராணியைத் தன் சட்டையில் துடைத்து, நடுவில் போட்டாள். கை வெறுமையானது. ரீச்சர் முன்னமே இறக்கி முடித்திருந்தார். தில்லையம்பலத்தின் கையில் ஐந்து சீட்டு மிச்சம்.

"நீங்கள்தான் கழுதை, அப்பா" என்றாள். "கனையுங்கோ."

அவர் கனைத்தார். முதல் முயற்சி இருமலாக வந்தது. இரண்டாவது அடுத்த கூடாரம்வரைக்கும் கேட்டிருக்கும். தர்சிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சாய்ந்தாள்.

ஐந்து மணிக்கு மழை விட்டது. மலையில் புதிதாக நாலைந்து அருவிகள் தொங்கின. தர்சிகா எழுந்து போய்க் காரைத் திறந்தாள். பையை எடுத்துத் திரும்பவும் தன் கோணல் கூடாரத்துக்குள் வைத்தாள்.

தில்லையம்பலத்தின் வாய் திறந்தது. ரீச்சர் ஒரு கோப்பை பிளேன்ரீயை அவர் முன்னால் நீட்டினார். சூடாக இருந்தது. அவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். கித்தானை ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று ரீச்சர் அதைக் கயிற்றில் போட்டிருந்தார். எல்லோரும் தங்கள் இடங்களைக் கூட்டி, ஆணி போன துளைகளைக் காலால் மூடினார்கள்.

தர்சிகா காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினாள்.

"பதினேழாம் நம்பர் சரி அப்பா."

அவருக்கு விளங்கவில்லை.

"உங்கட லிஸ்டில. மேல் அறை ஜன்னலுக்குக் கீழ ஈரம் எண்டு எழுதினனீங்கள். இந்த வசந்தத்தில சுவர் ஊறிப்போச்சு. லிஸ்ட் இன்னும் பிரிட்ஜ் கதவிலதான் இருக்கு." எஞ்சினை முடுக்கினாள். "அடுத்த மாசம் முதல் ஞாயிறு வீட்ட வாங்கோ. மத்தியானச் சாப்பாட்டுக்கு."

ஓம் என்றார்.  கார் மரங்களுக்குள் மறையும்வரை கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி நின்றார்.

பிறகு ரீச்சரிடம் வந்தார். அவர் கித்தானின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மற்ற நுனிக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். தில்லையம்பலம் அதைப் பிடித்தார். இருவரும் நடந்து வந்து, நுனியோடு நுனி சேர்த்து, முதல் மடிப்பை மடித்தார்கள்.

"ரீச்சர், வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள்."

"கேட்டது."

"பதினேழாம் நம்பரையும் சொல்லிப்போட்டாள். ஊறின சுவர், வடிவாப் பாக்கோணும்." குரலைத் தாழ்த்தினார். "போகேக்க ரோச்சையும் மெசினையும் கொண்டு போகட்டோ?"

ரீச்சர் இரண்டாவது மடிப்பை மடித்து, சுருக்கத்தைத் தட்டி நேராக்கினார்.

"வத்தகப்பழம் கொண்டு போங்கோ ஐயா" என்றார். "பெரிசாப் பாத்து வாங்குங்கோ."