எல்லைக் கதவைப் பூட்டிய மந்திரி

"கதிர் அறுப்புக்கு வரும் அசலூர்க்காரர்களை ஒழிக்கிறேன் பார்!" என்று மீசையை முறுக்கிய மந்திரி செண்டலங்காரர், அடுத்த மாதம் நாட்டின் எல்லைக் கதவைப் பூட்டப்போவதாகத் தண்டோரா போட்டார். சொன்னபடி பூட்டியும் விட்டார். வருஷம் திரும்பியபோது அசலூர்க் கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது.

கொதித்துப்போன மந்திரி, அசலூர் அறுப்புக் கூட்டத்தின் தலைவி பிச்சம்மாளை இழுத்துவரச் செய்தார். "நாளைக்குள் உன் ஆட்கள் தாமாகவே வெளியேற வேண்டும். இல்லையென்றால் உனக்குக் கசையடி!"

"கதவைத் திறந்து போடுங்க எஜமான், போயிருவாங்க."

"திறந்தால் இன்னும் வருவீர்களே!"

"அறுப்பு முடிஞ்சா அம்மன் கொடைத் திருவிழாவுக்கு ஊர் திரும்புறவங்கதானே நாங்க? இனி போனா திரும்ப விடமாட்டீங்கன்னுதான், தண்டோரா கேட்ட அன்னைக்கே பெண்டு பிள்ளைகளையும் கூட்டிவந்து, போன வருஷக் கொடையையும் இங்கேயே வச்சுக்கிட்டோம்."

வேறு வழியில்லாமல் மந்திரி கதவைத் திறந்தார். கூட்டம் மேளம் கொட்டிக்கொண்டு இந்த வருஷக் கொடைக்கு ஊருக்குக் கிளம்பியது.

"பார்த்தாயா, என்மேல் எவ்வளவு பயம்!" என்றார் மந்திரி.

பிச்சம்மாள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "பயம் போயிருச்சு எஜமான். அதான் போறாங்க."