மருதமரப் பொந்தின் விசிறிகள்

குளக்கரை மருதமரத்தின் பொந்தில் ஒரு தேனீக் கூட்டம் குடியிருந்தது. மரம் அவற்றுடையது அல்ல. கிடைத்த பொந்தில் மெழுகால் அறை அறையாகக் கட்டி, அடை அடையாகத் தொங்கவிட்டு வாழ்ந்துவந்தன.

அந்தக் கூட்டின் வாசல் காவல் செம்பொறியுடையது. "நில்! யார் நீ?" என்று அவள் ஓர் அதட்டல் போட்டால் குளவிகூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடும். அதட்டினால்தான் எதுவும் நடக்கும் என்பது அவளுடைய எண்ணம்.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில் அவள் தாகம் தாங்காமல் உள்ளே வந்தாள். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பத்துப் பேர் மட்டும் சிறகை விசிறிக் கூட்டுக்குள் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நூறு பேர் சும்மா நின்றார்கள்!

"என்ன அநியாயம் இது! பத்துப் பேர் உழைக்கிறாங்க, நீங்க வேடிக்கை பார்க்கிறீங்களா?"

"எனக்கு இன்னும் சுடலை அக்கா," என்றாள் ஒருத்தி. "சுட்டா விசிறுவேன்."

"சோம்பேறிக்கு வாய் மட்டும் குறைச்சல் இல்லை! இனிமே நான் சொல்றதுதான். நான் குரல் கொடுத்தா எல்லாரும் விசிறணும். மறுபடி கொடுத்தா எல்லாரும் நிறுத்தணும்!"

புழுக்குழந்தைகளை வளர்க்கும் தளிரி பதறினாள். "வேணாம் அக்கா! புதுசா கட்டின அடையில முந்நூறு குழந்தைங்க இருக்கு. சூடு ஏறினா மெழுகு இளகி அடையே விழுந்திடும். ரொம்பக் குளிர்ந்தா குழந்தைங்க தாங்காது."

"அதைப் பார்த்துக்கத்தானே நான் இருக்கேன்!"

செம்பொறி குரல் கொடுத்தாள். நூற்றுப்பத்துப் பேரும் ஒரே மூச்சில் விசிறினார்கள். பொந்துக்குள் புயல்தான்! குழந்தைகள் குளிரில் விறைத்துச் சுருண்டன.

"நிறுத்தச் சொல்லுங்க!" என்று தளிரி கத்தினாள்.

செம்பொறி மறுபடி குரல் கொடுத்தாள். எல்லாரும் ஒரேயடியாக நின்றார்கள். காற்றும் அடியோடு நின்றது. வெயில் சும்மா விடுமா? சூடு முன்னைவிட வேகமாக ஏறியது. மறுபடி குரல், மறுபடி புயல். மறுபடி குளிர், மறுபடி நிறுத்தம்.

மூன்றாம் முறை சூடு ஏறியபோது புது அடையின் மேல்விளிம்பு இளகித் தொய்ந்தது. தளிரி ஓடிப்போய் அதை ஆறு காலாலும் தாங்கிப் பிடித்தாள். "அக்கா! விழுது!"

செம்பொறி வாயைத் திறந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது, சத்தமே வரவில்லை. முந்நூறு குழந்தைகளும் தன்னால் சாகப்போகின்றன என்பது அவளுக்கு உறைத்தது.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது.

வாசலோரம் ஒருத்தி தானாக விசிறத் தொடங்கினாள். பிறகு இன்னொருத்தி. சூடு சற்று ஏற மூன்று பேர், இன்னும் ஏறப் பதினைந்து பேர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு சூட்டில் சுட்டது, சுட்டவள் விசிறினாள், அவ்வளவுதான்!

குளத்திலிருந்து ஒருத்தி வாயில் தண்ணீர் கொண்டுவந்தாள். நாலு பேர் ஓடிவந்து அதை வாங்கி அறைகளின் மேல் தெளித்தார்கள். 'இவ்வளவு அவசரமா!' என்று அவள் உடனே குளத்துக்குத் திரும்பினாள். அவள் பின்னால் பத்துப் பேர் பறந்தார்கள். வேலை கூடினால் எண்ணிக்கையில் தானாகப் பெருகவும் வேலை குறைந்தால் தானாகச் சுருங்கவும், எங்கோ வாடகைக்கு எடுத்த கணினிகளுக்கு மனிதர்கள் இப்போதுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்கே எத்தனை பெருமை! இங்கே ஒரு மரப்பொந்து யாரும் சொல்லாமலே அதைச் செய்துகொண்டிருந்தது.

செம்பொறி பிரமித்துப்போய் நின்றாள். இத்தனை நாள் இந்தக் கூட்டின் வாசலிலேயே நின்றும் கூட்டைப் பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

இளகிய மெழுகு மெல்ல இறுகியது. தளிரி ஒவ்வொரு காலாக எடுத்தாள். அடை நின்றது! வெயில் தாழ்ந்ததும் விசிறியவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்து பூக்களைத் தேடிப் போனார்கள். கடைசியாகத் தண்ணீர் கொண்டுவந்தவளிடம் வாங்க ஆளில்லை. 'போதும்போல' என்று அவளும் போனாள்.

"யார் சொல்லி இதெல்லாம் நடந்துச்சு?" என்று செம்பொறி கம்மிய குரலில் கேட்டாள்.

"யாரும் சொல்லலை அக்கா," என்றாள் தளிரி. "உங்களை விசிறச் சொன்னது யாரு?"

செம்பொறி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய சிறகுகள் எப்போதோ விசிறத் தொடங்கி, இன்னும் விசிறிக்கொண்டிருந்தன.

"எனக்கு... சுட்டுது," என்றாள் அவள்.

சுமையை உணர்ந்தவர் உணர்ந்த நேரத்தில் தோள் கொடுத்தால் எவ்வளவு பெரிய கூடும் நிற்கும். ஓர் அதட்டலில் எல்லாரையும் ஓட்டி, ஓர் அதட்டலில் எல்லாரையும் நிறுத்தினால் சின்னக் கூடுகூடச் சரிந்துவிடும்.